ஆங்கர் கொடுத்த 19.5%: அந்த வட்டிப் பணம் எங்கிருந்து வந்தது?

2022 மே முதல் வாரத்தில் டெர்ரா பிளாக்செயினில் டெபாசிட் வாங்கிக் கடன் கொடுத்த ஆங்கர் புரோட்டோகாலில் சுமார் 1,400 கோடி டாலர் மதிப்புள்ள யுஎஸ்டி (UST, எப்போதும் 1 டாலரில் நிற்க வேண்டிய ஸ்டேபிள்காயின்) டெபாசிட்டாகக் கிடந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த மொத்த யுஎஸ்டியே சுமார் 1,870 கோடிதான். நான்கில் மூன்று பங்கு ஒரே இடத்தில், ஒரே காரணத்துக்காக உட்கார்ந்திருந்தது: வட்டி. அந்த மாதத்தின் நடுவில் ஒரு யுஎஸ்டி பத்து இருபது சென்டுக்குத்தான் போனது. ஏப்ரலில் 119 டாலர் வரை ஏறியிருந்த, யுஎஸ்டியைத் தாங்கிய ஜோடி காயினான லூனாவின் விலையைச் சொல்ல, தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை பூஜ்யம் என்று எண்ண வேண்டியிருந்தது.

இந்தச் சரிவைப் பேசுபவர்கள் பெரும்பாலும் "அல்காரிதமிக் ஸ்டேபிள்காயின் என்றாலே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விலையை 1 டாலரில் கட்டி வைக்கும் பெக் இயந்திரம் உடைந்தது உண்மை. ஆனால் அந்த இயந்திரத்தின் மேல் அத்தனை பாரம் ஏறியது ஆங்கரால். அங்கே முதலில் வட்டி விகிதத்தை நிர்ணயித்தார்கள், பிறகுதான் அதற்கான வருமானத்தைத் தேடினார்கள். மற்ற பலவீனங்கள் எல்லாம் அந்த வரிசையிலிருந்து வந்தவை. இன்றைக்கு வட்டி தரும் ஸ்டேபிள்காயின் எதை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அந்த வரிசையைப் பற்றியதுதான்.

வரவும் செலவும்

டோ குவானும் டேனியல் ஷின்னும் 2018-இல் தொடங்கிய டெர்ராஃபார்ம் லேப்ஸ், 2020 செப்டம்பரில் யுஎஸ்டியையும் 2021 மார்ச்சில் ஆங்கரையும் வெளியிட்டது. யுஎஸ்டிக்குப் பின்னால் வங்கியில் டாலர் கிடையாது. 1 யுஎஸ்டியை எரித்தால் 1 டாலர் மதிப்புள்ள லூனா புதிதாக அச்சாகும், லூனாவை எரித்தால் யுஎஸ்டி வரும். பெக் அவ்வளவுதான்.

ஆங்கருக்கு இரண்டு வழியில் வருமானம். கடன் வாங்குபவர் பிலூனா, பிஈத் போன்றவற்றை அடமானம் வைப்பார். ஸ்டேக் செய்த, அதாவது செயினைப் பாதுகாக்கப் பூட்டி வைத்து வருமானம் பெறும் லூனாவுக்கும் ஈத்தருக்குமான ரசீது டோக்கன்கள் இவை. அடமானம் ஆங்கரிடம் இருக்கும்வரை அதன் ஸ்டேக்கிங் வருமானம் ஆங்கருக்கே போகும். வாங்கிய யுஎஸ்டிக்கு அவர் கட்டும் வட்டி இரண்டாவது வரவு.

1 டாலர் கடனுக்கு 2 டாலர் அடமானம், ஸ்டேக்கிங் வருமானம் 7%, கடன் வட்டி 12% என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். அந்தக் காலத்து நிலவரத்தை ஒட்டி ரவுண்டாக்கிய எண்கள் இவை. கடனாகப் போன ஒவ்வொரு டாலருக்கும் ஆண்டுக்கு 14 சென்ட் ஸ்டேக்கிங்கில், 12 சென்ட் வட்டியில், ஆக 26 சென்ட் வரவு. டெபாசிட்டருக்குத் தர வேண்டியது 19.5 சென்ட். டெபாசிட்டில் முக்கால் பங்கு கடனாகப் போயிருந்தால் கணக்கு நேராகியிருக்கும், அதற்கு மேல் போனால் மிச்சமும் நின்றிருக்கும். திட்டம் காகிதத்தில் அபத்தமானது இல்லை.

ஆனால் உச்சத்தில் 1,400 கோடி டெபாசிட்டுக்கு எதிரே கடன் சுமார் 300 கோடிதான், அதாவது 21 விழுக்காடு. 300 கோடிக்கு 26 விழுக்காடு என்றால் ஆண்டு வரவு 78 கோடி டாலர். 1,400 கோடிக்கு 19.5 விழுக்காடு என்றால் செலவு 273 கோடி. ஆண்டுக்கு 195 கோடி துண்டு விழுகிறது, நாளுக்கு சுமார் 53 லட்சம் டாலர். அந்த வரவை வைத்து நேர்மையாகத் தந்திருக்கக்கூடிய வட்டி 5.6 விழுக்காடு.

ஆவே, காம்பவுண்ட் போன்ற சாதாரண கடன் சந்தைகளில் இந்த நிலை நீடிக்காது. கடன் கேட்பவர் குறைந்தால் டெபாசிட் வட்டி தானாக இறங்கும், அது இறங்கினால் டெபாசிட் வெளியேறும், இரண்டும் ஒரு புள்ளியில் வந்து நிற்கும். ஆங்கரில் அந்தத் தடையைக் கழற்றிவிட்டார்கள். யாரும் கடனாக எடுக்காமல் சும்மா கிடந்த 1,100 கோடிக்கும் அதே 19.5 விழுக்காடு. டெபாசிட் கூடக் கூட நட்டம் கூடும் அமைப்பு இது. விளம்பரத்தில் மட்டும் அது வளர்ச்சியாகத் தெரிந்தது.

கடன் வாங்க ஆள் பிடித்த விதம்

கடன் பக்கத்தைப் பெருக்க ஏஎன்சி என்ற கவர்னன்ஸ் (நிர்வாக ஓட்டுரிமை) டோக்கனைக் கடனாளிகளுக்கு வாரி வழங்கினார்கள். பல மாதங்களில் ஏஎன்சியின் மதிப்பு கடன் வட்டியைவிட அதிகமாக இருந்தது, கடன் வாங்கினால் கையில் காசு வந்தது. அப்படி வந்தவர்கள் வாங்கிய யுஎஸ்டியை எங்கே கொண்டுபோனார்கள்? பெரும்பகுதி திரும்ப ஆங்கருக்கே. குறைந்த செலவில் கடன், 19.5 விழுக்காட்டில் டெபாசிட். கடனும் கூடியது, டெபாசிட்டும் அதே அளவு கூடியது.

ஊக்கத்தொகையைத் தன் டோக்கனிலேயே தரும்போது இன்னொரு சிக்கலும் வரும். பெற்றவர் அதை உடனே விற்பார், விலை இறங்கும், அடுத்த மாதம் அதே அளவு ஊக்கம் தர இன்னும் அதிக டோக்கன் தேவைப்படும். சந்தை சரியும்போதுதான் கடனாளிகளைப் பிடித்துவைக்கும் தேவை அதிகம். ஏஎன்சிக்கு மதிப்பு குறையும் நேரமும் அதுவே.

வெளியிலிருந்து வந்த லூப் (கடன் வாங்கி மறுபடி டெபாசிட் போடும் சுற்று) இன்னும் மோசம். ஆப்ரகடாப்ரா என்ற கடன் தளத்தின் டீஜன்பாக்ஸ் வியூகத்தில் யுஎஸ்டியை ஆங்கரில் போட்டு, கிடைத்த ஏயுஎஸ்டி ரசீதை அடமானம் வைத்து, அதன் மேல் 90 விழுக்காடு வரை எம்ஐஎம் என்ற இன்னொரு ஸ்டேபிள்காயினைக் கடன் வாங்கி, அதை விற்று மறுபடி யுஎஸ்டி வாங்கிப் போடலாம். 1, 0.9, 0.81 என்று பத்துச் சுற்று போனால் கையிலுள்ள ஒரு டாலர் சுமார் 6.5 டாலர் டெபாசிட்டாக நிற்கும். வட்டி 100 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் 90 விழுக்காடு கடன் எல்லையில் நிற்பவருக்கு யுஎஸ்டி சில சென்ட் விலகினாலே லிக்விடேஷன், அதாவது அடமானம் கட்டாய விற்பனைக்குப் போகும். பெக்கை நம்பிப் பணம் போட்டவர்கள் என்று வெளியில் தெரிந்த கூட்டத்தில் ஒரு பகுதி, பெக் லேசாக ஆடினாலே விற்றாக வேண்டிய கூட்டம்.

ரிசர்வ் என்ற பெயரில்

துண்டு விழுந்ததை ஈடுகட்ட ஒரு யீல்டு ரிசர்வ் (வட்டிக்கான கையிருப்பு) இருந்தது. 2021 ஜூலையில் அது வறண்டபோது டெர்ராஃபார்ம் சுமார் 7 கோடி டாலர் போட்டது. 2022 பிப்ரவரியில் மறுபடி வறண்டது. இந்த முறை பெக்கைக் காக்க அமைத்த லூனா ஃபவுண்டேஷன் கார்டு 45 கோடி போட்டது. நாளுக்கு 53 லட்சம் என்ற கணக்கில் அது 85 நாளைக்கு வரும். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த 45 கோடியால் நேர்ந்த உண்மையான கேடு வேறு. பணம் வந்த செய்தி கேட்டதும் "19.5 இன்னும் ஓடும்" என்று நம்பி டெபாசிட் மேலும் குவிந்தது. பிப்ரவரியில் ஆயிரம் கோடிக்குக் கீழே இருந்தது மே தொடக்கத்தில் 1,400 கோடி. ரிசர்வை நிரப்பியதே ரிசர்வ் கரையும் வேகத்தைக் கூட்டியது. ரிசர்வ் எத்தனை கோடி என்று பார்ப்பதைவிட, இன்றைய துண்டைப் போல இரண்டு மடங்கு வந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதுதான் பயனுள்ள அளவு. ஆங்கரில் அந்த எண் எப்போதுமே நாட்களில்தான் இருந்தது.

அபாயத்தைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கடனாளியின் அடமானத்தில் பெரும்பகுதி லூனா. யுஎஸ்டியின் மதிப்பைத் தாங்கியது லூனா. லூனா ஃபவுண்டேஷன் கார்டு 2022 பிப்ரவரியில் ஜம்ப் கிரிப்டோ, த்ரீ ஆரோஸ் கேப்பிட்டல் ஆகிய முதலீட்டு நிறுவனங்களின் தலைமையில் 100 கோடி டாலர் திரட்டியதும் லூனாவை விற்று. அடமானம், பெக், ரிசர்வ் மூன்றும் தனித்தனிக் கால்களாகத் தெரிந்தாலும் ஒரே சொத்தின் மேல் நின்றன.

விகிதத்தைக் குறைக்கும் முடிவு கவர்னன்ஸ் ஓட்டுக்கு வந்தது 2022 மார்ச்சில். மாதத்துக்கு அதிகபட்சம் 1.5 புள்ளி மட்டுமே மாறலாம், 15 விழுக்காட்டுக்குக் கீழே போகாது என்று தீர்மானம் நிறைவேறியது. மே மாதம் வட்டி 18 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. குறைந்தபட்சமான 15-க்கே வந்திருந்தாலும் செலவு 210 கோடி, வரவு 78 கோடி. ஓட்டுப் போட்டவர்களில் டெபாசிட் வைத்திருந்தவர்களும் உண்டு. தன் வட்டியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி அவர்கள் கை தூக்குவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

மே 7 முதல்

மே 7 அன்று டெர்ராஃபார்ம், புதிய 4பூலுக்கு மாற்றுவதற்காகக் கர்வ் என்ற காயின் மாற்றுத் தளத்தின் 3பூலிலிருந்து (ஸ்டேபிள்காயின்களை மாற்ற வைத்திருக்கும் இருப்பு) 15 கோடி யுஎஸ்டியை எடுத்தது. பூல் ஒல்லியான சில நிமிடங்களில் ஒரு வாலட் 8.5 கோடி யுஎஸ்டியைப் போட்டு யுஎஸ்டிசி (USDC) என்ற இன்னொரு ஸ்டேபிள்காயினாக மாற்றியது. பூல் ஒரு பக்கம் சாய, அதைச் சரிக்கட்ட டெர்ராஃபார்ம் இன்னும் 10 கோடி யுஎஸ்டியை வெளியே எடுத்தது. விலை 98 சென்டுக்குச் சற்று மேலே வந்து நின்றது. அந்த வார இறுதியில் ஆங்கரிலிருந்து 200 கோடிக்கும் மேல் வெளியேறியது. "எதிரி ஒருவர் திட்டமிட்டு அடித்தார்" என்ற கதை அப்போது பரவலாக ஓடியது. செயின் பதிவுகளை அலசிய நான்சென் நிறுவனம் அந்தத் தனி எதிரிக் கதையை ஏற்கவில்லை. பெரிய வாலட்கள் சில, அபாயத்தைப் பார்த்து வெளியேறியதைத்தான் அது கண்டது.

பலர் கவனிக்காத ஒன்று: ஆங்கர் யாருக்கும் பணம் தராமல் நிற்கவில்லை. கடனாகப் போகாத 1,100 கோடி உள்ளேயே கிடந்ததால், கேட்டவருக்கெல்லாம் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லாமல் முழு யுஎஸ்டியை எடுத்துக் கொடுத்தது. நெரிசல் அதற்கு வெளியே, யுஎஸ்டியை டாலராக்கும் வாசலில்.

அந்த வாசல்கள் மூன்று. கர்வ் பூலும் எக்ஸ்சேஞ்ச்களும் ஓரளவுக்குத் தாங்கும், அவ்வளவே. மூன்றாவது, டெர்ரா செயினில் இருந்த எரித்து அச்சிடும் வசதி. "1 யுஎஸ்டிக்கு 1 டாலர் லூனா" என்பதற்குள் ஒரு வேகத் தடை இருந்தது. பேஸ்பூல் என்ற அளவு 5 கோடி எஸ்டிஆர் (ஐஎம்எஃப்பின் கணக்கு அலகு), அது பழைய நிலைக்குத் திரும்ப 36 பிளாக். இந்த அளவுக்கு மேல் மாற்றினால் ஸ்ப்ரெட் (மாற்றும்போது பிடிக்கும் கழிவு) ஏறிக்கொண்டே போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 29.3 கோடி டாலர்தான் நியாயமான விலையில் வெளியே போகலாம். 1,870 கோடியை அந்த வேகத்தில் வடிக்க இரண்டு மாதம் ஆகும். சந்தைக்கு இரண்டு நாள்கூடப் பொறுமை இல்லை.

மே 11 அன்று டோ குவான் ஆதரித்த 1164-ஆம் முன்மொழிவு பேஸ்பூலை 10 கோடி எஸ்டிஆருக்கு உயர்த்தி, மீளும் காலத்தை 18 பிளாக்காகக் குறைத்து, நாளுக்கு சுமார் 120 கோடி டாலர் வழியனுப்பப் பார்த்தது. வாசலைச் சிறிதாக வைத்தால் யுஎஸ்டி தள்ளுபடியில் நிற்கும், பீதி வளரும். அகலமாக்கினால் லூனா கொட்டும். மே 9 அன்றே லூனாவின் மொத்தச் சந்தை மதிப்பு நிலுவையில் இருந்த யுஎஸ்டியைவிடக் கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பின் எந்த வேகத்தில் மாற்றினாலும் எல்லாருக்கும் 1 டாலர் கிடைக்க வழியில்லை. சுமார் 34 கோடியாக இருந்த லூனாவின் எண்ணிக்கை ஒரு வாரத்தில் 6.5 லட்சம் கோடியானது. மே 12, 13 தேதிகளில் செயினையே நிறுத்தினார்கள்.

லூனா ஃபவுண்டேஷன் கார்டின் கையில் மே 7 அன்று 80,394 பிட்காயின் இருந்தது. மே 16 அன்று 313. அந்த பிட்காயினை யார், எந்த விலையில், எந்த வரிசையில் பெறலாம் என்ற விதி முன்கூட்டியே எழுதப்படவில்லை. வந்த வேகத்தில் விற்று, வெளியேறிய முதல் வரிசைக்காரர்களுக்கு நல்ல விலை கொடுத்ததோடு தீர்ந்தது. சிறிய டெபாசிட்டர் வாசலுக்கு வந்தபோது அங்கே எதுவும் இல்லை.

ஓராண்டு முன்பே, 2021 மேயில், பெக் ஒருமுறை தடுமாறி மீண்டிருந்தது. அல்காரிதம் தானே குணமாக்கிக்கொண்டது என்று அப்போது சொன்னார்கள். மூன்றாம் தரப்பு வணிக நிறுவனம் ஒன்று பின்னாலிருந்து வாங்கித் தூக்கியதை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னர் வழக்கில் எடுத்து வைத்தது. 2024 ஏப்ரலில் நியூயார்க் ஜூரி டெர்ராஃபார்மும் குவானும் மோசடிக்குப் பொறுப்பு என்றது. குவான் 2025 ஆகஸ்டில் குற்றவியல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், டிசம்பரில் 15 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அபாய மதிப்பீட்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: "ஏற்கெனவே ஒரு சோதனையைத் தாண்டியது" என்ற வாதத்துக்கு, அன்றைக்கு வாங்கியவர் யார் என்று தெரியும்வரை மதிப்பெண் போடக் கூடாது.

பின்னால் வந்தவை

டாய் ஸ்டேபிள்காயினை வெளியிட்ட மேக்கர்டாவ் 2023 ஆகஸ்டில் டாய் சேமிப்பு விகிதத்தை 8 விழுக்காடாக ஏற்றியது. அதன் கடன் தளமான ஸ்பார்க்கில் ஈத்தரை அடமானம் வைத்து டாய் கடன் வாங்க 3.19 விழுக்காடுதான். பெரிய வாலட்கள் ஒரு பக்கம் கடன் வாங்கி மறுபக்கம் சேமிப்பில் போட்டன, சிறிய சேமிப்பாளருக்குப் போக வேண்டியதைத் திமிங்கிலங்கள் தின்றன. ஆங்கரில் நடந்த அதே சுற்றுதான். வித்தியாசம், மேக்கர் இரண்டு வாரத்துக்குள் சேமிப்பு விகிதத்தை 5-க்கு இறக்கிக் கடன் விகிதத்தை ஏற்றியது. சேமிப்பு விகிதம் அதே காயினின் மிக மலிவான கடன் விகிதத்தைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு விதியை கான்ட்ராக்டிலேயே எழுதி வைத்தால் பாதித் தலைவலி மிச்சம்.

2024 பிப்ரவரியில் பொதுவுக்கு வந்த எத்தீனாவின் யுஎஸ்டிஇ, வரிசையையே திருப்பிப் போட்டது. ஈத்தர், பிட்காயின் போன்ற ஸ்பாட் சொத்தை வைத்துக்கொண்டு அதே அளவுக்குப் பெர்பெச்சுவல் (காலக்கெடு இல்லாத) ஃபியூச்சரை ஷார்ட் அடிக்கிறது, அதாவது விலை இறங்கினால் லாபம் தரும் பக்கத்தில் நிற்கிறது. விலை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஃபியூச்சரில் எதிர்ப்பக்கம் நிற்பவர் கட்டும் ஃபண்டிங் கட்டணமும் ஸ்டேக்கிங் வருமானமும்தான் வரவு. வந்தது என்னவோ அது ஸ்டேக் செய்த எஸ்யுஎஸ்டிஇ வைத்திருப்பவர்களுக்குப் பிரியும். மொத்தச் சொத்து 6 விழுக்காடு சம்பாதித்து, பாதிப் பேர்தான் ஸ்டேக் செய்திருக்கிறார்கள் என்றால், ரிசர்வுக்கு ஒதுக்குவதை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர்களுக்கு 12 கிடைக்கும். எல்லாரும் உள்ளே வந்தால் 6-ஆக இறங்கும். கூட்டம் கூடினால் வட்டி குறையும் என்ற அந்தச் சாதாரணத் தடை இங்கே இருக்கிறது. வெளியேற 7 நாள் காத்திருப்பு, ஃபண்டிங் எதிர்மறையாகும் நாட்களுக்கு ஒரு ரிசர்வ் ஃபண்ட். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்ச் சுமார் 150 கோடி டாலரை ஹேக்கர்களிடம் இழந்தபோது எத்தீனாவின் ஸ்பாட் சொத்து தப்பியது, அது எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே கஸ்டோடியனிடம் (சொத்துக் காப்பாளரிடம்) இருந்ததால்.

ஆனாலும் ஊக்கத்தொகை வெளியிலிருந்து நுழைந்துவிடும். 2025 செப்டம்பரில் பைனான்ஸ் யுஎஸ்டிஇக்கு 12 விழுக்காடு சலுகை வட்டியும், அதை மார்ஜினாக (வர்த்தகத்துக்கான அடமானமாக) வைக்கும் வசதியும் தந்தது. இரண்டையும் சேர்த்தால் லூப். அக்டோபர் 10 இரவு சந்தை சரிந்தபோது பைனான்ஸில் மட்டும் யுஎஸ்டிஇ 65 சென்ட் வரை போனது. மற்ற பெரிய பூல்களில் அது 1 டாலரை ஒட்டியே நின்றது. காரணம், பைனான்ஸ் அடமான மதிப்பைத் தன் சொந்த ஆர்டர்புக்கிலிருந்து (வாங்க, விற்க வந்த ஆணைகளின் பட்டியலிலிருந்து) எடுத்தது. பின்னர் அது பாதிக்கப்பட்டவர்களுக்கு 28.3 கோடி டாலர் இழப்பீடு தந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, எதிர்த்திசையில் இன்னொன்று. ஸ்ட்ரீம் ஃபைனான்ஸ் நவம்பர் தொடக்கத்தில், வெளி நிதி மேலாளர் ஒருவரிடம் 9.3 கோடி டாலர் நட்டமானதாக அறிவித்தது. அதன் ஸ்டேபிள்காயினான எக்ஸ்யுஎஸ்டி ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. பல கடன் சந்தைகளில் அதன் விலை ஆரக்கிளில் (கான்ட்ராக்டுக்கு விலை சொல்லும் சேவையில்) நிலையாக எழுதி வைக்கப்பட்டிருந்ததால் லிக்விடேஷன் நடக்கவே இல்லை, வாராக்கடன் முழுவதும் டெபாசிட்டர்கள் தலையில். 2022 மே 12 அன்று லூனாவுக்கும் இதேபோல ஆனது: செயின்லிங்க் என்ற ஆரக்கிளின் விலை ஃபீட் 10 சென்டுக்குக் கீழே இறங்க முடியாத அமைப்பில் இருந்தது, அதைத் தெரிந்தவர்கள் மதிப்பிழந்த லூனாவை வீனஸ் என்ற கடன் தளத்தில் 10 சென்ட் கணக்கில் அடமானம் வைத்துப் பணத்தை எடுத்துப் போனார்கள். ஒல்லியான ஒரே சந்தையைப் பார்க்கும் ஆரக்கிளும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்ட ஆரக்கிளும் வேண்டாம். சொத்துக் கணக்கின்படி உள்ள மீட்பு மதிப்பு ஒன்று, பல சந்தைகளின் நேரச் சராசரி ஒன்று, இரண்டும் 2 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் புதிய கடன் நிற்கும் என்பது நாங்கள் பரிந்துரைக்கும் அமைப்பு.

லூப் எவ்வளவு என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (செயின் பதிவுகளைக் காட்டும் தளம்) டோக்கன் வைத்திருப்போர் பட்டியலைத் திறந்து, ஆவே, மார்ஃபோ, பெண்டில் போன்ற கான்ட்ராக்டுகளில் உள்ள தொகையைக் கூட்டுங்கள். அதை மொத்தப் புழக்கத்தால் வகுத்தால் அடமானமாகப் பூட்டியிருக்கும் பங்கு வரும். அடுத்து, ஸ்லிப்பேஜ் (விற்பதாலேயே விலை நழுவுவது) 1 விழுக்காட்டைத் தாண்டாமல் ஒரு நாளில் எல்லா பூல்களிலும் சேர்த்து எவ்வளவு விற்கலாம் என்று எடுங்கள். நேரடி மீட்பு வழி இருந்தால் அதன் தினசரி உச்சவரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் பூட்டியிருக்கும் தொகை, ஒரு நாளில் வெளியேறக்கூடிய தொகையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால், அடமான உச்சவரம்பை மேலும் ஏற்றுவதை அன்றே நிறுத்துவது எங்கள் வழக்கம். வட்டியைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.